நோட்டீசில் மிஞ்சிய கை

பிளாஸ்டிக் தவளையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் இந்த விருதுநகர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கட்டைவிரல் பருமன் இருக்கும் அது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, பின்னால் ரப்பர் குஞ்சம், முதுகோடு ஒட்டினாற்போல இரண்டு முள். தண்ணீரில் எறிந்து சுண்டிச் சுண்டி இழுத்தால் உயிருள்ளது போலத் தத்தித் தத்தி வரும். விரால் அதை நம்பிக் கவ்வும். விரால் ஏமாறுவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. என் சேக்காளியும் அதில் மயங்கிப்போனதுதான் எனக்கு ஆறவில்லை.

நானும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். நான் சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். அவன் லோடு வண்டி வைத்திருக்கிறான். பட்டாசுப் பெட்டி, தாள் ரீம், வாழைத்தார், எது கிடைத்தாலும் ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லோடு எடுக்க மாட்டான். அன்றைக்கு ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் இருப்போம். அங்கே தண்ணீர் வற்றிவிட்டால் வெம்பக்கோட்டை அணைக்குப் போவோம். அவன் கையில் தூண்டில் கம்பு, என் கையில் இரை. இருபது வருசமாக இதுதான் ஏற்பாடு. எனக்குத் தூண்டில் பிடிக்கப் பொறுமை கிடையாது. அவனுக்கு மாவு பிசையக் கை வராது.

மாவு என்றால் சும்மா மாவு இல்லை. கம்பெனியில் அட்டை ஒட்ட மைதாவில் பசை காய்ச்சுவார்கள் அல்லவா, அந்தப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொள்வேன். அதில் கடலைப் புண்ணாக்குத் தூளைச் சேர்த்துப் பிசைந்தால் தண்ணீரில் கரையவே கரையாது. கெண்டை மொய்க்கும். விராலுக்கு வேண்டுமானால் வயலில் குதிக்கிற குட்டித் தவளையைப் பிடித்துக் கொடுப்பதும் நான்தான். சேற்றில் முழங்கால் வரை இறங்கித் தவளை பிடிக்கிற வேலையை யாரும் ஆசைப்பட்டுச் செய்ய மாட்டார்கள். நான் அவனுக்காகச் செய்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ரீல் வைத்த தூண்டிலோடு அந்த ரீல்காரர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் மெக்கானிக்காக வந்தவர். என் சேக்காளியின் வண்டி வழியில் நின்றுபோனபோது கையைக் கரியாக்கிக்கொண்டு சரிசெய்து கொடுத்திருக்கிறார். பேச்சு மீனில் போய் முடிந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் புண்ணாக்கும் பசையுமாகக் கண்மாய்க் கரைக்குப் போனால், தரையில் குந்தியிருந்த என் சேக்காளிக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக உட்காருகிற கல்லின் மேல், சுருட்டை முடியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் செம்புக் காப்பு. மடியில் மடக்கி நீட்டுகிற தூண்டில். அதில் கிர்ரென்று சுற்றும் ரீல்.

"வாங்க அண்ணாச்சி, ஒங்களப் பத்தி நெறைய சொல்லிருக்காரு" என்றார். எழுந்திருக்கவில்லை.

அவர் கொண்டுவந்த அந்தத் தவளையைச் சேக்காளி என்னிடம் காட்டினான். கண்ணெல்லாம் வெளிச்சம். "ஏலே, இனிமே நீ சேத்துல எறங்கவே வேண்டாம்லே. இது ஒண்ணு போதும்."

எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவன் நினைப்பு. வேலையை விட்டு நிறுத்துகிற முதலாளி கூட ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லுவார்.

அன்றைக்கு அந்தத் தவளைக்கு இரண்டு விரால் வந்தது. நான் பிசைந்த மாவு காய்ந்து வெடித்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து ஆட்டுக்கு வைத்தேன். மறு வாரமும் அவர் வந்தார். அதற்கடுத்த வாரம் அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே போயிருந்தார்கள். அவர்களுக்குள் சிரிப்பு வேறு. நான் கிட்டே போனதும், "ஒண்ணுமில்லலே, அது சும்மா" என்றான். சும்மா என்றால் என்ன சும்மா? இருபது வருசத்தில் எனக்குத் தெரியாத சிரிப்பு அவனுக்கு என்ன இருக்கிறது?

வீட்டில் என் மனைவி என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்ன, ஒங்களுக்கு ஒரு சக்களத்தி வந்துட்டாக போல?" என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். நான் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தேன். "சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டாத்தான் என்ன? கொழம்பு என்னத்தப் பண்ணுச்சு?" என்றாள்.

போட்டி நடத்துகிற யோசனை அந்த எரிச்சலில் வந்ததுதான். ஊரில் எல்லோரும் கேட்டபோது, கண்மாய் நிறைந்திருக்கிறது, பொங்கல் லீவில் பயல்கள் சும்மா சுற்றுகிறார்கள், ஒரு தூண்டில் போட்டி வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அதெல்லாம் வாய்க்கு வந்தது. மனதில் இருந்தது வேறு. ஜோடிப் போட்டி. ஜோடிக்கு ஒரு தூண்டில். ஒருவர் கம்பு பிடிக்க வேண்டும், மற்றவர் இரை கோர்க்க வேண்டும். ஊர் பார்க்க நானும் அவனும் ஒரு ஜோடியாக நிற்போம். ரீல்காரர் கரையில் நின்று கைதட்டட்டும். இதுதான் என் திட்டம்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் ஊர்ப் பெரியதலை ஒருவர். அவர் அனுமதி இல்லாமல் ஒரு அயிரையைக் கூடத் தொட முடியாது. நானும் சேக்காளியும் அவரைப் பார்க்கப் போனோம். பிடிக்கிற மீனை எடை போட்டு அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்றார். சரி என்றோம். எழுந்திருக்கும்போது, "இந்தா, இன்னொண்ணு. போட்டி நடத்துறவன் தூண்டில் போடக் கூடாது. பெறகு ஊரு வாய மூட முடியாது" என்றார்.

மறுப்புச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என் சேக்காளி முந்திக்கொண்டான். "அதுஞ் சரித்தான மாமா. அப்பம் இவன் நடத்தட்டும், நான் நம்ம மெக்கானிக் அண்ணாச்சி கூடச் சேந்துக்கிடுதேன்."

ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். முகத்தைக் கொஞ்சம் சுளித்திருக்கலாம். ஒரு பேச்சுக்காவது, 'இவன் இல்லாம எப்படி மாமா' என்று இழுத்திருக்கலாம். அவன் எந்தச் சங்கடமும் இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வண்டியில் வரும்போது நான் பேசவே இல்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தான்.

நோட்டீஸ் அடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய தாளில் ஓர் ஆர்டர் ஓடும்போது ஓரத்தில் ஒரு துண்டு காலியாகக் கிடந்தால் அதை வீணாக விட மாட்டோம். யார் வீட்டுக் காதுகுத்து அழைப்பாவது, யார் கடைச் சீட்டாவது அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். முதலாளிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். மார்கழி மாசம், காலண்டர் சீசன். ஒரு ஜவுளிக்கடையின் மகாலட்சுமி காலண்டர் பளபள அட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நாலு விரல்கடை காலி. என் நோட்டீசை அதில் ஏற்றச் சொன்னேன்.

எழுத்து இடது பக்கம். வலது பக்கம் ஒரு படம். அந்தப் படத்தைத் தேடி எடுக்க எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. பல வருசத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டையில் எடுத்தது. சேக்காளி முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் நான், அவன் தோளில் கை போட்டபடி, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறேன். அசல் ஜோடி யார் என்று ஊருக்கும் ஆலங்குளத்துக்கும் தெரியட்டும் என்றுதான் அதைப் போட்டேன். யாரும் கேட்டிருந்தால், பழைய படம், கையில் கிடைத்தது என்று சொல்லியிருப்பேன்.

அச்சு முடிந்து அட்டை என் மிஷினுக்கு வந்தது. அந்த லோடில் வந்த அட்டை அகலம் கொஞ்சம் குறைவு. காலண்டர் அளவில் கை வைக்கக் கூடாது, அது கஸ்டமர் சரக்கு என்றார் போர்மேன். அது எனக்குத் தெரியாதா? கட்டிங் மிஷின்காரன் அளவைப் பார்ப்பானே தவிரப் படத்தைப் பார்க்க மாட்டான். அட்டைக் கட்டைக் கவிழ்த்துப் போட்டு, காலண்டருக்கு அளவு வைத்து, குறைகிறதை நோட்டீஸ் இருந்த ஓரத்தில் தள்ளிவிட்டு இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். கத்தி இறங்கி ஏறியது. அடுத்த கட்டு. அதற்கடுத்த கட்டு. எல்லாக் கட்டையும் வெட்டி முடித்துவிட்டு ஆசையாக ஒரு நோட்டீசைத் திருப்பிப் பார்த்தேன்.

சேக்காளி இருந்தான். விரால் இருந்தது. நான் இல்லை. அவன் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிய என் கை.

மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். குப்பையில் நான் நூற்றுக்கணக்கில் சிரித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுபடி அடிக்க வழியில்லை. காலண்டர் ஆர்டர் முடிந்துவிட்டது. ஒருவன் மூஞ்சிக்காக மிஷினை ஓட்டுவார்களா? சேக்காளி நோட்டீசைப் பார்த்துவிட்டு வண்டி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். "ஏலே, ஊரு பூராத்தையும் வெட்டுவ, கடைசியில ஒன்னையவே வெட்டிக்கிட்டியே!" பக்கத்து சீட்டில் ரீல்காரர். ஆம், இப்போதெல்லாம் அங்கேயும் அவர்தான். நோட்டீசை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "படம் நல்லா இருக்கு அண்ணாச்சி. இது யாரு கை?" என்று கேட்டார்.

வேண்டுமென்றே கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

சாதாரணத் தாளாக இருந்தால் ஜனங்கள் அதில் வடையை மடித்துத் தின்றுவிட்டு எறிந்திருப்பார்கள். காலண்டர் அட்டை. கெட்டி, பளபளப்பு. யாருக்கும் எறிய மனசு வரவில்லை. டீக்கடையில் ஆணி அடித்து மாட்டினார்கள். சலூன் கண்ணாடியில் செருகினார்கள். எங்கே திரும்பினாலும் என் சேக்காளி தனியாக விராலோடு நிற்கிறான், தோளில் எவனோ ஒருவனுடைய கை. டீக்கடையில் ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "தம்பிய யாரோ போலீஸு பிடிச்சிட்டுப் போற மாரில்லா இருக்கு" என்றார். நான் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி. விடிவதற்குள் கரையில் ஆள் சேர்ந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனி ஆட்கள், தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள், காலேஜ் பயல்கள். ஒரு மாமியாரும் மருமகளும் ஜோடியாக வந்திருந்தார்கள். மாமியார் கம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ வீட்டுல நான் சொல்றதக் கேக்க மாட்டா, இங்கயாவது கேக்கட்டும்னு கூட்டியாந்தேன்" என்றார். மருமகள், "அத்த, மொதல்ல முள்ளுல புழு இருக்கான்னு பாருங்க" என்றாள். நான் மைக்கைப் பிடித்து விதிமுறை சொன்னேன். ஒரு வாளி நிறைய மாவு பிசைந்து வந்திருந்தேன். ஜோடிக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். என் சேக்காளியின் ஜோடிக்கு நீட்டியபோது ரீல்காரர் கையை ஆட்டினார். "நமக்கு வேண்டாம் அண்ணாச்சி, தவள இருக்குல்லா." அவர் 'நமக்கு' என்று சொன்னது என் காதில் நாள் முழுக்கக் கிடந்தது.

தொங்கு தராசைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நடந்தேன். மீன் விழுந்தவர்கள் கூப்பிடுவார்கள், எடை போட வேண்டும். மாமியார் மருமகளுக்கு ஜிலேபிக் கெண்டை வந்துகொண்டே இருந்தது. அவர்கள் சண்டையும் நிற்கவில்லை, மீனும் நிற்கவில்லை. மடைக்குப் பக்கத்தில் என் சேக்காளியும் ரீல்காரரும். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஆகாயத்தாமரை ஓரத்தில் தவளை தத்தி வந்தது. தண்ணீர் டப்பென்று உடைந்தது. சேக்காளி வளைந்த கம்போடு பின்னால் சாய, ரீல்காரர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விடாதீக, விடாதீக, சுத்துங்க!" என்று கத்தினார். கரை முழுக்க எழுந்து நின்றது. வெளியே வந்தது நல்ல கனமான விரால். நான் எடையைச் சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வெயில் ஏறியதும் விரால் அடங்கிவிட்டது. தவளையை எறிந்து எறிந்து அவர்களுக்குக் கை ஓய்ந்தது. அப்போது என் சேக்காளி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்து உருட்டிக் காட்டினான். மாவு கொண்டா என்பதற்கு எங்களுக்குள் இருக்கிற சைகை. மீன் கலைந்துவிடக் கூடாதென்று இருபது வருசமாக வாய் திறக்காமல் அப்படித்தான் கேட்பான். வாளியில் மாவு இருந்தது. நான் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நடந்தேன். போகட்டும், நமக்குத்தான் தவளை இருக்கிறதே.

மொத்த எடையில் மாமியாரும் மருமகளும் ஜெயித்தார்கள். எவர்சில்வர் குடத்தை யார் தூக்குவது என்பதில் அவர்களுக்குள் அடுத்த தகராறு ஆரம்பித்தது. பெரிய மீனுக்கான பரிசு என் சேக்காளியின் ஜோடிக்கு. அவன் தன் போனை என் கையில் திணித்தான். "நல்லா எடுலே, நீதான் படம் நல்லா எடுப்ப."

விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ரீல்காரர் பக்கத்தில் வந்து நின்று அவன் தோளில் கை போட்டார். அதே தோள். அதே இடம். நோட்டீசில் என் கை இருக்கிற இடத்தில் ஒரு விரல்கடை கூடத் தள்ளாமல் செம்புக் காப்புப் போட்ட கை. நான் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அரை எட்டு இடது பக்கம் நகர்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அழுத்தினேன்.

"மூணு நாலு எடுங்க அண்ணாச்சி" என்றார் ரீல்காரர். மூன்று நாலு எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே அளவில் எடுத்தேன். தொழில் அப்படி.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ரீல்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சேக்காளி வண்டிக் கதவில் சாய்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டேஷ்போர்டில் கிடந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்து என்னிடம் நீட்டினான்.

"அந்தாளு ஞாயித்துக்கெழம ரூமுல தனியாக் கெடக்காரு. பொண்டாட்டி பிள்ளைக தூத்துக்குடியில. அதான் கூட்டியாந்தேன். நீ பேச மாட்டேங்கிற, மாவு கேட்டா திரும்பிட்டுப் போற. சரி, என்னமோ கோவம்னு விட்டேன். இதப் பாரு. இதுல ஒன்னைய வெட்டிட்ட. இதுல அவர வெட்டிட்ட. ரெண்டுலயும் நான் ஒத்தையில மீனப் பிடிச்சிட்டு நிக்கேன். என்னைய ஒத்தையில நிப்பாட்டுறதுல ஒனக்கு என்னலே அம்புட்டு ஆச?"

நோட்டீஸ் வேண்டுமென்று செய்ததில்லை என்று சொல்ல வாய் வந்தது. மற்றதற்கு என்ன சொல்வது? நாற்காலியைத் தூக்கி வண்டியில் போட்டேன். அவனும் ஒன்றைத் தூக்கிப் போட்டான். கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம அவரு வருவாரு. நீ மாவு கொண்டா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டில் பசையும் புண்ணாக்கும் பிசைவதைப் பார்த்து என் மனைவி, "சமாதானம் ஆயிட்டீகளாக்கும்?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் ஆகவில்லை. இப்போதும் அந்த ரீல் கிர்ரென்று சுற்றினால் எனக்குப் பல் கூசும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முந்திக் கண்மாய்க்குப் போனேன். கருவேல மரத்தடியிலிருந்து பெரிய கல்லாக ஒன்றைப் புரட்டிக்கொண்டு வந்து பழைய கல்லுக்குப் பக்கத்தில் போட்டேன். இன்னொன்றையும் போட்டேன். இப்போது மூன்று கல். அவர்கள் வண்டிச் சத்தம் கேட்டதும், மாவு வாளியை மடியில் வைத்துக்கொண்டு நடுக்கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.